கூராம்பாறை ஸ்டேஷன் கொல்லையை உழுத கதை

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் காய்கறித் தோட்டம் போட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது, கூராம்பாறை ஸ்டேஷனில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்தைய உத்தரவு எல்லாரும் யோகா செய்ய வேண்டும் என்று வந்திருந்தது. அதற்காக வாங்கிய பாய்களில்தான் இப்போது ராத்திரி டியூட்டிக்காரர்கள் தூங்குகிறார்கள். ஆனால் இந்த உத்தரவின் அடியில், வெள்ளிக்கிழமை டி.வை.எஸ்.பி. நேரில் வந்து முதல் நாற்றை நடுவார் என்று ஒரு வரி இருந்தது. இன்ஸ்பெக்டர் சத்யபாலன் அந்த வரியைப் படித்ததும் எழுந்து நின்று தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அணிவகுப்பில் அவர் உரையாற்றினார்.

"தோட்டம்னா என்ன? மண்ணைக் கட்டுக்குள்ள கொண்டு வர்றது. கூட்டத்தையே கட்டுக்குள்ள கொண்டு வர்ற நமக்கு மண்ணு ஒரு விஷயமா? கிளறணும், அடக்கணும், வரிசையா நிக்க வைக்கணும். தினம் பண்ற வேலைதான். யார் வீட்ல விவசாயம்?"

யாரும் கை தூக்கவில்லை. ரைட்டர் முஸ்தபா உள்ளே போய் எல்லாருடைய பணிக் குறிப்பையும் புரட்டிவிட்டு வந்து, லிஜிஷாவின் அப்பாவுக்கு விவசாயம் என்று போட்டிருப்பதாகச் சொன்னார்.

லிஜிஷா வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். அவளுடைய அப்பா காலையில் வாசகசாலைக்குப் போனால் எல்லாப் பேப்பரையும் முடித்துவிட்டு இருட்டிய பிறகு வருகிறவர். விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தை வெறுமனே விட வெட்கப்பட்டு அவள்தான் விவசாயம் என்று எழுதியிருந்தாள்.

"சார், எனக்கு மண்வெட்டிகூடப் பிடிக்கத் தெரியாது."

"ரத்தத்துல இருக்கும், வரும்" என்றார் சத்யபாலன். அவளுடைய இடமாற்ற மனு அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பல மாதமாகக் கிடந்தது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவள் அவள். அதற்கு மேல் வாதாடவில்லை.

வாடகைக்கு எடுத்த, கையால் பிடித்து உழுகிற சின்ன பவர் டில்லர் ஜீப்பின் பின்னால் கட்டி வந்து சேர்ந்தது. கடைக்காரர் சந்தை மைதானத்தில் வைத்து அதை ஓட்டக் காட்டிக்கொடுத்தார். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், அப்போதுதான் இறக்கலாம். முதல் ஓட்டம் மேலாகப் போக வேண்டும், ஆழம் அடுத்த ஓட்டத்தில்தான். பின்பக்கம் எடுக்கும்போது கத்தி சுற்றக் கூடாது. எதிலாவது சிக்கினால் முதலில் எஞ்சினை அணைக்க வேண்டும், பிறகுதான் குனிந்து பார்க்க வேண்டும். லிஜிஷா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். டில்லர் அவளை இரண்டு முறை வாழைப்பழக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. மூன்றாவது முறை அவள் சொன்ன இடத்தில் நின்றது.

உழ வேண்டிய இடம் ஸ்டேஷனின் கொல்லைப்புறம். இடுப்பளவு புல், ஒரு பழைய கிணறு, நடுவில் ஒரு பலாமரம். மரத்தடியில் பழங்கள் விழுந்து அழுகிக் கிடந்தன. லிஜிஷா அதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். ஓசியில் கிடைக்கிற பழத்தைப் போலீஸ்காரர்கள் அழுகவிட்ட இடம் அந்த மாநிலத்திலேயே வேறு இருக்காது.

முஸ்தபாவிடம் கேட்டாள். அவர், "பவித்ரேட்டன்கிட்ட கேளு" என்று சொல்லிவிட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். கணினிக்கு அப்போது மின்சாரமே இல்லை.

எல்லாரும் பவித்ரேட்டன் என்று கூப்பிடுகிற ஏ.எஸ்.ஐ. பவித்ரன் ஓய்வு பெறப் போகிறவர். பால் இல்லாத கட்டன் சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"அது ஒண்ணுமில்ல மோளே. அந்தக் காலத்துல தேர்தல் கலவரம் வந்துச்சில்ல, அப்போ புடிச்ச ஸ்டீல் குண்டு கொஞ்சம் இருந்துச்சு, எவர்சில்வர் டப்பால மருந்து அடைச்சது. கோர்ட்டு அழிச்சுடுன்னுச்சு. குண்டுப் பிரிவுக்காரன் இன்னைக்கு வர்றேன் நாளைக்கு வர்றேன்னான். அப்போ இருந்த இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வு வந்துடுச்சு, பாக்கி ஒண்ணும் இல்லாம ஒப்படைச்சுட்டுப் போகணும். நல்ல மழை. கொல்லைல குழி வெட்டிப் போட்டுட்டோம். தண்ணில ஊறவச்சு அழிச்சாச்சுன்னு கோர்ட்டுக்கு எழுதினார். பொய் இல்ல பாரு. மழைத் தண்ணில ஊறத்தான் செஞ்சுது."

"எங்க போட்டீங்க பவித்ரேட்டா?"

"பலாவுக்கு வடக்கால. இல்ல, கிணத்துக்குத் தெக்கால." அவர் சாயாவை ஒரு வாய் குடித்தார். "குடை புடிச்சிருந்தேன், சரியாத் தெரியல."

லிஜிஷா நேராக இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனாள்.

"சார், கொல்லைல வெடிகுண்டு இருக்காம்."

சத்யபாலன் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு ஜன்னலையும் சாத்தச் சொன்னார்.

"யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க சார்."

"எல்லாரும் சொன்னா அது வதந்தி. வதந்தி பரப்பினா என்ன செக்ஷன்னு உனக்கே தெரியும்."

"குண்டுப் பிரிவைக் கூப்பிட்டு ஒரு தடவை பாத்துட்டா..."

"உக்காரு லிஜிஷா. நிதானமா யோசி. குண்டை அழிச்சாச்சுன்னு கோர்ட்ல சொல்லியிருக்கு. கோர்ட்டும் ஒத்துக்கிட்டது. இப்போ நான் அவங்களைக் கூப்பிட்டா எதுக்குன்னு கேப்பாங்க. சந்தேகம்னு சொல்லணும். யார் மேல சந்தேகம்? போலீஸ் மேல. போலீஸ் மேல போலீஸே சந்தேகப்பட்டா அப்புறம் ஜனங்க யாரை நம்பும்?"

"அப்போ குண்டு இல்லையா சார்?"

"சட்டப்படி இல்ல."

"மண்ணுக்குள்ள?"

"மண்ணுக்குள்ள இருக்கறதெல்லாம் தொல்பொருள் துறை."

லிஜிஷா எழுந்து நின்றாள். கைகளைப் பின்னால் கட்டி விரல்களை இறுக்கிக்கொண்டாள். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு. பாதுகாப்பு விஷயத்துல நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்று சொல்லி, டில்லரோடு வந்திருந்த அறிவுரைத் தாளை எடுத்தார். "கெட்டியான பூட்ஸ் போடணும், கண்ணை மறைக்கணும், தொளதொளன்னு எதுவும் தொங்கக் கூடாது, வேடிக்கை பாக்கறவங்க தள்ளி நிக்கணும். இதுல ஒரு வரி மீறினாலும் மெமோதான்."

வியாழக்கிழமை காலை அவளுக்குக் கலவரத் தடுப்பு உடுப்பு போட்டுவிட்டார்கள். ஹெல்மெட், முகக் கண்ணாடி, மார்க்கவசம், முழங்கால் கவசம், கையுறை. விசில் கயிற்றில்தான் சிக்கல் வந்தது. தொங்கக் கூடாது என்கிறது டில்லர் தாள். சீருடையில் விசில் கயிறு வெளியே தெரிய வேண்டும் என்கிறது காவல் விதி. சத்யபாலன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் யோசித்தார். கடைசியில் முஸ்தபா வந்து கயிற்றை மார்க்கவசத்தோடு சேர்த்து ஒட்டுநாடாவால் ஒட்டினார்.

வேடிக்கை பார்ப்பவர்கள் தள்ளி நிற்பதற்கான ஏற்பாடும் நடந்தது. மணல் கடத்தலில் பிடித்த லாரி ஒன்று மணலோடு முன்வாசலில் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு, மேஜை போட்டு, மைக்கும் வைத்தார்கள். ஸ்டேஷன் முழுக்க அங்கே போய்விட்டது. விசாரணைக்கு உட்கார வைத்திருந்த கோழித் திருடனையும் மறக்காமல் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"பயப்படாத லிஜிஷா" என்றது ஒலிபெருக்கி. "மொத்தப் போலீஸும் உன் பின்னாடி இருக்கு."

இருந்தது. வெகுதூரம் பின்னாடி இருந்தது.

கொல்லைச் சுவருக்கு அப்பால் அங்கன்வாடி. குழந்தைகள் பாட்டுப் பாடுவது கேட்டது. லிஜிஷா டில்லரைத் தொடாமல் சுவரோரமாகப் போனாள்.

"சுலோசனா டீச்சர், பிள்ளைங்களைக் கொஞ்ச நேரம் வாசகசாலைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? டில்லர் ஓட்டப் போறேன். சத்தமா இருக்கும்."

"தினம் உங்க ஜீப் சைரன்லதான் என் பிள்ளைங்க தூங்குது. இந்த டில்லருக்கா பயப்படும்?" என்று சொல்லிக்கொண்டே திரும்பிய டீச்சர், சுவருக்கு மேல் தெரிந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். "என்னடீ இது கோலம்? தோட்டம் போடப் போறியா, போருக்குப் போறியா?"

"டீச்சர்." லிஜிஷா முகக் கண்ணாடியை மேலே தள்ளினாள். "எனக்கும் ஒரு குழந்தை இருக்கு."

சுலோசனா டீச்சர் அவள் முகத்தையே பார்த்தார். கைதட்டிக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தினார். கடைசிக் குழந்தை தெருமுனையைத் தாண்டும் வரை லிஜிஷா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு, தானே புல்லை வெட்டி ஒதுக்கியிருந்த இடத்தில் நடந்து கல், கண்ணாடித் துண்டு, துருப்பிடித்த கம்பி எல்லாவற்றையும் பொறுக்கினாள். ஒவ்வொரு அடியையும் முட்டையின் மேல் வைப்பதுபோல வைத்தாள். முந்தைய நாள் கோடை மழை பெய்திருந்தது. ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தினாள், தட்டினாள். உதிர்ந்தது. ஈரமாக இருந்திருந்தால் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மண்ணும் அவளைக் கைவிட்டது.

டில்லரின் பின்னால் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் இரும்புக் கம்பி ஒன்று உண்டு. அதை மிக மேலோட்டமான அளவுக்கு வைத்துப் பூட்டினாள். கயிற்றை இழுத்தாள். எஞ்சின் உறுமிக்கொண்டு பிடித்தது.

வேலியோரமாக முதல் உழவுச் சால் எடுத்தாள். கத்திகள் மண்ணைக் கீறிப் புரட்டின. கைப்பிடி முழங்கை வரை அதிர்ந்தது. மார்க்கவசத்துக்குள் வியர்வை ஓடியது. அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. சின்னக் கல் ஒன்று கத்தியில் பட்டு 'டிங்' என்றதும் அவள் கண்ணை இறுக்க மூடித் திறந்தாள். சாலின் கடைசியில் கத்தியை நிறுத்தித் திருப்பினாள். இரண்டாவது சால் முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. வேலியோரம் மண் கறுப்பாக, பொலபொலவென்று கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

பலாமரத்துக்கு வடக்கே போனபோது கேட்ட சத்தம் 'டிங்' இல்லை. அடியில் காலியான பாத்திரத்தில் தட்டியது மாதிரி ஒரு மந்தமான சத்தம். டில்லர் ஒரு பக்கமாக எம்பிச் சாய்ந்தது.

லிஜிஷா எஞ்சினை அணைத்தாள்.

சிள்வண்டுகூடக் கத்தவில்லை. அவள் கைப்பிடியை விடாமல் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவின் தோள் பளபளத்தது. மூடியைச் சுற்றிக் கறுப்புப் பூச்சு. வலதுபக்கக் கத்திகள் அதன்மேல் ஏறி நின்றன. டில்லர் மேலும் சாயாமல் நிற்பதற்கு ஒரே காரணம் அவள் இரண்டு கைகள். கையை எடுத்தால் எஞ்சின் பாரம் முழுக்க அந்த டப்பாவின் தலையில் இறங்கும்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றது ஒலிபெருக்கி.

"சார், குண்டு!" கத்தியதில் அவள் குரல் கிழிந்தது. "கத்திக்கு அடில இருக்கு. கைய எடுக்க முடியல!"

ஒலிபெருக்கி கரகரவென்றது. யாரோ மைக்கைக் கையால் பொத்துவது கேட்டது. பிறகு சத்யபாலனின் குரல் தெளிவாக வந்தது.

"அது குண்டுன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஊறுகாய் டப்பாவாக்கூட இருக்கலாம்."

"அப்போ வந்து எடுங்க சார்."

"ஊறுகாய் எடுக்கறது என் வேலை இல்ல."

"சார், குண்டுப் பிரிவைக் கூப்பிடுங்க. எவ்வளவு நேரம் பிடிச்சிட்டு நிக்க முடியும்?"

"நீ புடிச்சிட்டு நில்லு. நாங்க ஆலோசனை பண்றோம்."

ஆலோசனை ஒலிபெருக்கியில் முழுதாகக் கேட்டது. மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. குண்டுப் பிரிவைக் கூப்பிட்டால் பழைய பொய் வெளியே வரும் என்றார் சத்யபாலன். கூப்பிடாமல் வெடித்தால் தோட்டம் வீணாகும், நாளைக்கு டி.வை.எஸ்.பி. வருகிறார் என்றார் ஒரு ஏட்டு. வெடித்தால் அதை டில்லர் விபத்து என்று எழுத முடியுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பெட்ரோல் வண்டிதானே, எழுதலாம் என்றார் முஸ்தபா. வாடகைக்கடைக்காரர் மேல் வழக்குப் போடலாமா என்று இன்னொருவர் கேட்டார். அந்தக் கோழித் திருடன் மட்டும், "சார், அந்தப் பொண்ணு கை வலிக்குமே" என்றான். அவனை வாயை மூடச் சொன்னார்கள்.

லிஜிஷாவின் தோள்கள் எரியத் தொடங்கின. இடுப்பைக் கைப்பிடிக்கு முட்டுக் கொடுத்தாள். குழந்தையின் ஞாபகம் வந்தது. காலையில் அது எழுந்திருக்கும் முன்பே கிளம்பி வந்துவிட்டாள். அழுதால் உடம்பு குலுங்கும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கைப்பிடியை இடது முழங்கையால் இறுக்கிக்கொண்டு, வலது கையுறையைப் பல்லால் கடித்து உருவினாள். முழங்கால் கவசத்துக்கு மேலே பேன்ட் பைக்குள் இரண்டு விரலை விட்டுப் போனை எடுத்தாள். ஒருமுறை நழுவப் பார்த்தது. பிடித்துவிட்டாள். 112ஐ அழுத்தி ஸ்பீக்கரில் போட்டு டில்லரின் மேல் வைத்தாள்.

தலைநகரத்திலிருந்து ஒரு பெண் குரல் இனிமையாகப் பேசியது.

"அவசர உதவி. சொல்லுங்க மேடம்."

"வெடிகுண்டு. நான் அது மேல ஒரு டில்லரைப் பிடிச்சிட்டு நிக்கறேன். சீக்கிரம் ஆள் அனுப்புங்க."

"பதறாதீங்க. எந்த இடம்?"

"கூராம்பாறை போலீஸ் ஸ்டேஷன்."

"ஸ்டேஷன் பக்கத்துலயா?"

"பக்கத்துல இல்ல. உள்ள."

"அப்போ ஸ்டேஷன்லயே சொல்லிடலாமே மேடம்?"

"சொல்லிட்டேன். இல்லைங்கறாங்க."

"சரி, புகாரைப் பதிஞ்சுட்டேன். உங்களுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற ஸ்டேஷனுக்கு மாத்திவிடறேன். லைன்லயே இருங்க."

ஸ்டேஷனுக்குள் மேஜைத் தொலைபேசி அடித்தது. லாரிக்குப் பின்னாலிருந்து முஸ்தபா ஓடிவந்து எடுத்தார். திரும்ப ஓடிப்போய்ச் சொன்னதை ஒலிபெருக்கி ஊருக்கே சொன்னது.

"சார், 112லேர்ந்து. ஒரு பொம்பள வெடிகுண்டு மேல நிக்கறாங்களாம்."

"எங்க?"

"நம்ம கொல்லைல."

"யாரு?"

முஸ்தபா கொல்லைப் பக்கம் கை காட்டினார்.

112ல் ஒரு தொல்லை உண்டு. கூப்பிட்ட நேரமும், போலீஸ் போய்ச் சேர்ந்த நேரமும் தலைநகரத்தில் ஒரு பெரிய திரையில் ஓடும். தாமதமானால் இன்ஸ்பெக்டரின் பெயர் சிவப்பில் வரும். பொய்யை மறைப்பது சத்யபாலனுக்குப் பழக்கம். சிவப்பில் பெயர் வருவது பழக்கமில்லை. ஒலிபெருக்கி அவசரமாகப் பேசியது.

"லிஜிஷா! ஒரு அவசரக் கேஸ். உடனே ஸ்பாட்டுக்குப் போ!"

"ஸ்பாட்லதான் சார் இருக்கேன்."

"நல்லது. என்ன தெரியுது?"

"குண்டு தெரியுது சார்."

"புகார் கொடுத்தவங்க சொல்றதும் அதேதானா?"

"அதேதான் சார். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொல்றோம்."

"அப்போ சரி. சாட்சி ஒத்துப்போகுது. முஸ்தபா, உண்மைன்னு மேல சொல்லிடு."

மேலே சொன்னதும் மேலேயிருந்தே குண்டுப் பிரிவுக்கு ஆணை போயிற்று. மாவட்டத் தலைநகரிலிருந்து மலைப்பாதையில் அவர்கள் வந்து சேர வேண்டும். லிஜிஷா காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. டில்லர் நூலளவு சாய்வதுபோலத் தோன்றியது. சாய்ந்ததா, தன் கைதான் தளர்ந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது பக்கத்தில் புல் மிதிபடும் சத்தம் கேட்டது. பவித்ரன், தொப்பியில்லாமல், கவசமும் இல்லாமல், கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தார்.

"ஏ.எஸ்.ஐ. பவித்ரன்!" ஒலிபெருக்கி அலறியது. "பாதுகாப்பு எல்லையைத் தாண்ட உங்களுக்கு அனுமதி இல்ல!"

"மெமோ எழுதி வை சார், வந்து வாங்கிக்கறேன்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். அவள் வாயில் தண்ணீரை ஊற்றினார். பிறகு மறுபக்கக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பாரம் பாதியாயிற்று.

"ஏன் வந்தீங்க பவித்ரேட்டா?"

"குழி வெட்டினது நான்தானே." அவர் டப்பாவைக் குனிந்து பார்த்தார். "வடக்காலதான் போலிருக்கு."

லிஜிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. "சிரிக்க வைக்காதீங்க, ஆடும்" என்றாள்.

குண்டுப் பிரிவுக்காரர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கனத்த உடுப்புப் போட்ட ஒருவர் மெல்ல நடந்துவந்து, டில்லருக்கு அடியில் மணல் மூட்டைகளை அடுக்கி ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தினார்.

"இப்போ விடலாம் மேடம்."

லிஜிஷா விட முயன்றாள். விரல்கள் திறக்கவில்லை. அவரே ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். பவித்ரனுக்கும் அப்படியே செய்தார்.

"டில்லர் இன்னும் ரெண்டு விரல்கடை ஆழமாப் போயிருந்தா நான் உங்ககிட்டப் பேசிட்டு இருக்க மாட்டேன்" என்றார் அவர். லிஜிஷா மணல் லாரியின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அப்போதுதான் அழுதாள்.

கொல்லை முழுக்கச் சலித்தார்கள். கிணற்றுக்குத் தெற்கே இன்னொரு டப்பா கிடைத்தது. இரண்டையும் ஊருக்கு வெளியே இருந்த பாறைக்குழியில் வைத்து வெடிக்க வைத்தபோது ஸ்டேஷனின் ஓடுகள் குலுங்கின. வாசகசாலையில் குழந்தைகள் பட்டாசு வெடிக்கிற விஷு வந்துவிட்டது என்று கைதட்டினார்களாம்.

சத்யபாலன் அறிக்கை எழுதினார். அடையாளம் தெரியாத நபர்கள் சுவருக்கு வெளியிலிருந்து குண்டுகளை வீசியிருக்கிறார்கள் என்று எழுதினார்.

"சார், அது மண்ணுக்குள்ள இல்ல இருந்துச்சு?" என்றார் முஸ்தபா.

"வேகமா வீசியிருக்காங்க."

"மேல புல்லு முளைச்சிருந்ததே சார்."

"மண்ணு வளம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை டி.வை.எஸ்.பி. ஆன்றூஸ் வந்தார். வெண்டை நாற்றை நட்டார், கையைத் துடைத்தார், பேசினார்.

"112 அழைப்புக்கு மாநிலத்துலயே மிக வேகமாப் போய்ச் சேர்ந்த ஸ்டேஷன் இதுதான். எவ்வளவு நேரம் தெரியுமா? பூஜ்யம்! அழைப்பு வர்றதுக்கு முன்னாடியே நம்ம ஆள் அங்க இருந்திருக்காங்க. இதுக்குப் பேருதான் முன்கூட்டியே செயல்படறது. இதை மத்த ஸ்டேஷனும் கத்துக்கணும். குண்டும் தெரியும், டில்லரும் தெரியும்னா இப்படி ஒரு ஆள் எங்க கிடைப்பாங்க? நம்ம வட்டத்துல மிச்சம் இருக்கற எல்லா ஸ்டேஷன் கொல்லையையும் லிஜிஷாவே உழட்டும்."

எல்லாரும் கைதட்டினார்கள். சத்யபாலன் எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினார். இடமாற்றம் கேட்டவளுக்கு இத்தனை ஸ்டேஷன் கிடைத்துவிட்டதே என்று பவித்ரனிடம் சொன்னார்.

திங்கட்கிழமை லிஜிஷா முட்டங்காட்டு ஸ்டேஷனில் டில்லரோடு இறங்கினாள். அங்கே கொல்லையில் இரண்டு மாமரங்கள். மரத்தடியில் பழங்கள் பழுத்து விழுந்து ஈ மொய்த்துக் கிடந்தன. ஒரு காலடித் தடம்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் பிரேமராஜன் வாசல்படியில் நின்றே அவளை வரவேற்றார்.

"வாங்க வாங்க. கொல்லை அங்க இருக்கு. ரொம்ப நல்ல மண்ணு. நாங்க எல்லாரும் முன்னாடி இருக்கோம், நீங்க கவலைப்படாம ஓட்டுங்க."

"கொல்லைல ஒண்ணும் இல்லையே சார்?"

"சேச்சே. இங்க அதெல்லாம் எப்பவோ அழிச்சாச்சு. நான் உறுதி சொல்றேன்."

லிஜிஷா டில்லரை மாமரத்துக்கு நேராகத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினாள். கையுறையைக் கழற்றி மடித்து வைத்தாள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு வந்து நின்றிருந்தார். அவள்தான் காலையில் போன் போட்டு வரச் சொல்லியிருந்தாள்.

"சார், போன ஸ்டேஷன்ல ஒரு குறை ஆயிடுச்சு. தொடக்க விழாவே வைக்காம நான் பாட்டுக்கு ஓட்டிட்டேன். பெரியவங்க கையால தொடங்காம விட்டது தப்பு. முதல் சால் நீங்கதான் ஓட்டித் திறந்து வைக்கணும். போட்டோவும் எடுக்க வந்திருக்காங்க."

பிரேமராஜன் கேமராவைப் பார்த்தார். அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எந்தத் தொடக்க விழாவையும் மறுத்ததில்லை. அங்கே கூடியிருந்த ஏட்டுகளும் கான்ஸ்டபிள்களும் "சார் ஓட்டணும், சார் ஓட்டணும்" என்று மிக உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வாசல் பக்கமாகப் பின்வாங்கினார்கள். அவர் தொப்பியைக் கழற்றினார், போட்டுக்கொண்டார். கொல்லைக்குள் ஒரு காலை எடுத்து வைத்தார். அந்தக் காலை மெதுவாக எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"எனக்கு... முதுகுவலி" என்றார்.

"பரவாயில்ல சார். சும்மா கைப்பிடியைப் பிடிச்சிட்டு நின்னாப் போதும். நான் பக்கத்துல நின்னுக்கறேன்."

பிரேமராஜன் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மிகவும் மரியாதையாகக் காத்துக்கொண்டு நின்றாள். மாம்பழம் ஒன்று தொப்பென்று புல்லில் விழுந்தது. அவர் தோள்கள் எகிறின.

"கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டு அவர் ஓரமாகப் போய் போனை எடுத்தார். குண்டுப் பிரிவின் நேர் எண்ணை எங்கேயும் தேடவில்லை. அது அவருக்கு மனப்பாடமாகவே இருந்தது.

லிஜிஷா டில்லரின் பெட்ரோல் குழாயை மூடினாள். படியில் உட்கார்ந்து, அவர்கள் வந்து சேரும்வரை குடிக்க ஒரு கட்டன் சாயா கேட்டாள்.